எண்ணிக் கொடுத்த நகங்கள்

பிப்ரவரி 6, 2024, செவ்வாய்

ரசாயனம் விற்கும் கம்பெனிக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரிப் பக்கங்களில் என் வீட்டுக்காரர் குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை எழுதிப் பார்த்திருக்கிறார். கேட்டால், "நீ எங்க எழுதப் போறேன்னு நினைச்சேன்" என்கிறார். அதற்காகவே எழுதப் போகிறேன்.

கதவில் 'டாக்டர் வடிவு' என்று போட்டிருக்கிறது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் குரோமோசோம்களைப் பார்க்கிறவள். பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. லிஃப்டில் கூட வருகிறவர்கள் கதவு மூடியதும் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள், முட்டி வலிக்கு என்ன சாப்பிடலாம் என்கிறார்கள். வெந்நீர் குடியுங்கள் என்று சொல்லி வைக்கிறேன். இதுவரை யாரும் வந்து சண்டை போடவில்லை.

இன்று எலும்பு மஜ்ஜை மாதிரிகள் ஐந்து வந்தன. எண் 413 முதல் 417 வரை. என் ஆய்வகத்தில் பெயர் கிடையாது, எண்தான். பெயரும் ஊரும் தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன். அது பாதிக் காரணம். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பாட்டு டீச்சரின் பெயரைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் காய்கறி வாங்கினேன். சீனி அவரைக்காய் முற்றல்.

பிப்ரவரி 8, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதிவிட்டால் அடங்கலாம்.

417 பெண், வயது இருபத்தேழு. கண்ணாடித் தகட்டில் இருபது செல்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டும். பதினான்கு செல்களில் ஏழாம் எண்ணில் ஒன்றைக் காணோம். அது மோசமான அடையாளம். மருந்து மட்டும் போதாது, வேறொருவருடைய மஜ்ஜையும் வேண்டியிருக்கும் என்று அர்த்தம். மீதி ஆறு செல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறிலும் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பெண்ணின் மஜ்ஜைக்குள் ஆண்பிள்ளைச் செல்களுக்கு என்ன வேலை?

416 ஆண். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கையால் தயார் செய்திருக்கிறார்கள். அந்தக் கை எஸ்தருடையது. கூப்பிட்டேன்.

"416-ல முக்கின பிப்பெட்ட 417-லயும் முக்கியிருக்க."

"இல்ல மேடம்."

"பின்ன ஒய் எங்கிருந்து வந்தது? பறந்து வந்ததா?"

"தெரியல மேடம். நான் முக்கல."

பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன். வேறு என்னென்னமோ சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றி, மடித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். கையுறையை யாராவது மடித்துப் போடுவார்களா?

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டாவது மாதிரி கேட்டு வாங்கினேன். நாளைக்கு மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்களாம், அதற்குள் எடுத்தாக வேண்டும். இந்த முறை எஸ்தரைத் தொடவே விடவில்லை. சீட்டு ஒட்டியது முதல் மூடியைத் திருகியது வரை எல்லாம் நான்தான். அவள் எதிர் மேஜையில் உட்கார்ந்து நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டைக் கோணலாக ஒட்டி, பிய்த்து மறுபடி ஒட்டினேன். வயது ஐம்பத்தொன்று ஆகிறது, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 12, திங்கள்

பதின்மூன்று செல்கள் ஏழாம் எண் ஒன்று குறைந்தவை, எக்ஸ் எக்ஸ். ஏழு செல்கள் முழுசானவை, எக்ஸ் ஒய்.

நானே செய்தது.

எஸ்தர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். தன் மேஜைக்குப் போய்ப் பிப்பெட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இவரைச் சொதி வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்குத் தேங்காய்ப்பால் பிழிகிற வேலை அவருடையது. "சொதி ஞாயித்துக்கிழமச் சமாச்சாரம்லா, செவ்வாக்கிழம என்ன?" என்றார். சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்றேன். தூக்குச்சட்டி நிறைய எடுத்துப்போய் எஸ்தர் மேஜையில் வைத்தேன். மத்தியானம் காலிச் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தாள்.

"சொதி நல்லாருந்துச்சு மேடம். ஆனா அது மன்னிப்பு கேட்டதா ஆகாது."

நான் சட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

மாற்று மஜ்ஜை வைக்கிற டாக்டர் ஃபெலிக்ஸ் போன் செய்தார். ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டேன். ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் அந்தச் செல்கள் இப்படி உட்கார்ந்து பெருகாது. முன்னால் எங்காவது மஜ்ஜை மாற்று நடந்ததா? இல்லை. ஆண்பிள்ளை பெற்றிருந்தால் அதன் செல்கள் தங்கியிருக்கலாம், பெற்றிருக்கிறாளா? கல்யாணமே ஆகவில்லை. "உங்க லேப்ல எங்கியோ கலக்குது மேடம், நல்லா பாருங்க" என்றார். நேற்று முன்தினம் வரை நானும் இதைத்தான் சொன்னேன், அதே குரலில். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று இரண்டாம் மாடி வார்டுக்குப் போனேன். ஃபெலிக்ஸுடைய பேனா என்னிடம் இருந்தது, அதைக் கொடுக்கத்தான் போனேன். ஃபெலிக்ஸ் இல்லை. 417 எந்தக் கட்டில் என்று விசாரித்தேன், வந்ததுக்குக் கேட்டு வைப்போம் என்று.

பெயர் செந்தூர்க்கனி. சாத்தான்குளம் பக்கம், பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லிக் கொடுக்கிறவள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நல்ல உயரம், தோள் அகலம், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தாலும் கண்ணில் குறும்பு இருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதானா அந்த மேடம்? சின்ன டாக்டர் வந்து, நீங்க பொறந்ததிலேர்ந்தே பொண்ணுதானான்னு கேட்டாரு. கபடி ஆடும்போது எதிர் டீம்காரிங்க கேட்ட கேள்வி அது. அவளுவ திட்டிக் கேப்பாளுவ, நீங்க ஊசி போட்டுக் கேக்கீங்க."

மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. என் தாளில் நான் எழுதிய ஓர் எழுத்து கீழே வந்து இவளிடம் இப்படி ஒரு கேள்வியாக ஆகியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டேன். எஸ்தரிடம் வராத வார்த்தை இங்கே வந்தது.

பக்கத்தில் ஓர் ஆள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவனாம், பெயர் சிவபெருமாள். வார்டு முழுக்கக் கேட்கிற குரல். நர்ஸ் இரண்டு தடவை வந்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனாள்.

"அண்ணனா, தம்பியா?" என்று கேட்டேன்.

"அதுலதான மேடம் இருவத்தேழு வருசமா சண்ட" என்றான். "எங்கம்மாவக் கேட்டா, மயக்கத்துல இருந்தேன், எது முந்திச்சுன்னு தெரியாதுங்கா. நான்தான் மூத்தவன்."

"ஆசைதான்" என்றாள் கனி.

ரெட்டைப் பிள்ளைகள்.

பேனாவை அங்கேயே வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடினேன். ஐம்பத்தொரு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எஸ்தர் மைக்ராஸ்கோப்பில் இருந்தாள். மூச்சு வாங்க ஒரே வாக்கியத்தில் சொன்னேன். ஒரே கருப்பையில் இரண்டு பேர், நஞ்சுக்கொடிகள் ஒட்டி ரத்தக் குழாய்கள் சேர்ந்திருக்கின்றன, பிறப்பதற்கு முன்னாலேயே அவனுடைய ரத்தச் செல்கள் இவளுக்குள் குடிவந்துவிட்டன. உலகத்திலேயே அபூர்வம். புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன்.

எஸ்தர் யோசித்தாள். "அப்ப என் பிப்பெட் சுத்தம்."

"சுத்தம். அன்னைக்கு நான் பேசினது தப்பு எஸ்தர். ரொம்பத் தப்பு."

"சரி மேடம்" என்றாள். பிறகு, "நோவு வந்த செல் எல்லாம் அந்தப் பொண்ணோடது. நல்லா இருக்கதெல்லாம் அவனோடது. கவனிச்சீங்களா?" என்றாள்.

கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

விடியற்காலையில் எழுந்து ஆய்வுக் கட்டுரை நான்கு பக்கம் எழுதினேன். முதல் வரியில் 'இருபத்தேழு வயதுப் பெண்' என்று போட்டேன். கனி என்று எழுத வந்த கையை நிறுத்தினேன்.

பிப்ரவரி 21, புதன்

பிரச்சினை வந்துவிட்டது. மாற்று மஜ்ஜைக்கு முன் திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். மரபணுவின் ஓர் இடத்தில் இரண்டு வகைதான் இருக்க முடியும், அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. கனியின் ரத்தத்தில் மூன்று இருக்கிறது. எது அவளுடையது, எது அவனுடையது என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. எச்சிலிலும் ரத்தச் செல்கள் இருக்கும், அதுவும் ஆகாது.

"நோய் அடங்கினதும் சில வாரந்தான் டைம் மேடம்" என்றார் ஃபெலிக்ஸ். "அதுக்குள்ள மாத்தணும், இல்லாட்டி திரும்பி வந்துரும். ஆனா பேஷண்ட் யாருன்னே தெரியாம நான் எப்படித் தேதி குறிக்க?"

நகம் கேட்கலாம் என்றேன். நகத்தில் கலப்பு இருக்காது, உடம்பின் சொந்தச் சரக்கு. இரண்டு பேரிடமும் கை நகம் பத்துப் பத்து போதும்.

பிப்ரவரி 23, வெள்ளி

பத்துக் குழாய் ரத்தம் கேட்டபோது வாயைத் திறக்காமல் கொடுத்த குடும்பம், நகம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டது.

அம்மா பேச்சித்தாய் ஊரிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் மகனுடையது.

"நெகமா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"நாளைக்கு வெட்டலாம்மா."

"நாளைக்குச் சனி. சரி, என்னைக்கு வெட்டுனாலும் குடுக்க மாட்டேன் டாக்டரம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. ரத்தம் கொட்டுனா ஊறிரும். நெகமும் முடியும் அப்படியா? ஒருத்தர் கையில சிக்குச்சுன்னா செய்வினை வச்சிருவாவ. எம்புள்ள ஏற்கனவே கெடந்து சாவுது."

"எம்மா, இவங்க படிச்சவங்க" என்றான் பெருமாள்.

"எல, நீ சும்மா இரு. படிச்சவுக வைக்கமாட்டாவ. படிச்சவுக குப்பையில போடுவாவ. குப்பையிலேர்ந்து எவன் எடுப்பான்னு யாருக்குத் தெரியும்?"

நானும் ஐம்பத்தொரு வருடமாக வெள்ளிக்கிழமை நகம் வெட்டியதில்லை. ஏன் என்று கேட்டால் என் அம்மா வெட்ட விடமாட்டாள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாது. இதை அந்த அம்மாவிடமே சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

அரைமணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவு: ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே தன் கையால் வெட்டுவார். எண்ணித்தான் கொடுப்பார். என்ன செய்கிறோம் என்று கூடவே இருந்து பார்ப்பார். எல்லா நகமும் அவர் கண் முன்னால் இல்லாமல் போக வேண்டும். ஒரு துணுக்குகூட மிஞ்சக் கூடாது.

"கரைச்சே காட்டுதோம்மா" என்றாள் எஸ்தர்.

பிப்ரவரி 25, ஞாயிறு

என் ஆய்வக வாழ்க்கையிலேயே இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கனிக்கு ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் குறைவு, அதனால் ஃபெலிக்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பேச்சித்தாய் மகளின் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து, வெளியே வளர்ந்த வெள்ளை ஓரத்தை மட்டும் பிறைபோல் வெட்டி எடுத்தார். துளி ரத்தம் வரவில்லை. பிறகு மகனுக்கு. "எம்மா, எனக்கு வெட்டுததுக்கு நெகமே இல்ல, ஒயர் பிரிச்சுப் பிரிச்சுத் தேஞ்சு போச்சு" என்றான். "காட்டுல" என்று கையில் ஒரு தட்டு.

இரண்டு தாளில் மடித்து, பத்து, பத்து, இருபது என்று எண்ணி என் கையில் வைத்தார். நானும் எண்ணிக் காட்டினேன். எஸ்தரும் எண்ணினாள். மூன்று பேரும் ஒத்துப்போனோம்.

நகத்தைக் கழுவி, நறுக்கி, கரைசலில் போட்டுச் சூடான பெட்டியில் வைத்தோம். கரைய மறுநாள் ஆகும் என்றதும் அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை இருந்தார். சும்மா இருக்கிறவரா? இது என்ன, அது என்ன என்று கேட்டுத் துளைத்துவிட்டார். மகளின் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒய்யைச் சுட்டிக்காட்டி, இதுதான் உங்க மகனுடைய செல் என்றேன். குனிந்து பார்த்தார்.

"இந்தத் துணுக்கா? இத்தனக்காணும் இருந்துக்கிட்டா வெளிய அம்புட்டுச் சத்தம் போடுதான்?"

எஸ்தர் சிரித்த சிரிப்பில் தகடு ஆடியது.

தேநீர் குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். பிறந்தபோது மகன் மூன்று கிலோ, மகள் ஒன்றரை. பார்க்க வந்த சனமெல்லாம், வயிற்றுக்குள் இருக்கும்போதே கூடப் பிறந்தவள் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டான் என்று சொல்லியிருக்கிறது. வளர்ந்த பிறகும் விடவில்லை.

"வெளையாட்டுக்குத்தான் சொன்னோம் டாக்டரம்மா. நானே சொல்லியிருக்கேன். அவன் அதப் புடிச்சுக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் அவ சாப்பிடாம அவன் சோத்துல கைவைக்க மாட்டான். இவளுக்கு நோவுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, நான் தின்னதுதாம்மா இவளுக்கு இப்படி வந்துட்டுன்னு சொல்லி, செட்டுச் சாமான் வச்சிருக்க கொட்டகைக்குள்ள போயி கெடந்து அழுதான்."

தேநீர் ஆறிப்போனது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

பேச்சித்தாய் காலை ஒன்பது மணிக்கே வாசலில் நின்றார். குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினோம். தண்ணீர் மாதிரித் தெளிவு. இரண்டையும் ஆட்டச் சொல்லிப் பார்த்தார். "சரி. இனி எவனாலயும் ஒண்ணுஞ் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 29, வியாழன்

முடிவு வந்தது. நகத்தில் கனி சுத்தமான கனி. பெருமாள் சுத்தமான பெருமாள். அவளுடைய ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அவன். அவனுடைய ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்பது அவள். பொருத்தம் பாதி.

போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போனேன். இந்த முறை பேனா கீனா எதுவும் எடுத்துப் போகவில்லை.

மூன்று பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் வயிற்றுக்குள் இருக்கும்போது உங்கள் ரத்தம் ஒன்றாக ஓடியிருக்கிறது. பெருமாளுடைய செல்கள் கனிக்குள் போய் மஜ்ஜையில் தங்கி இன்றுவரை ரத்தம் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. நோய் கனியின் செல்களில்தான், பெருமாளுடையவை அத்தனையும் நன்றாக இருக்கின்றன.

மைக் செட்டுக்காரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அப்ப நான் அவ பங்கத் திங்கலியா மேடம்?" என்றான்.

"இல்ல. நீங்க குடுத்திருக்கீங்க."

அவன் அழுதான். பேச்சித்தாய் அழுதார். நர்ஸ் எட்டிப் பார்த்து, அமைதியாக இருக்கிறார்களே என்று பயந்து உள்ளே வந்துவிட்டாள். கனி மட்டும், "எல, கொஞ்சூண்டு குடுத்துட்டு மூணு கிலோ நீ எடுத்துக்கிட்ட. ரொம்ப ஆடாத" என்றாள்.

நானும் அழுதேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 1, வெள்ளி

ஃபெலிக்ஸ் பாதிப் பொருத்தத்தைக் கண்டு தயங்குகிறார். அவள் உடம்பு அவன் மஜ்ஜையை வெளியே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்கிறார். நியாயமான பயம்தான். பாதிப் பொருத்தத்தில் அப்படித் தள்ளி, உயிர் போனதும் உண்டு.

"இருவத்தேழு வருஷமா உள்ளதான் இருக்கான் டாக்டர். இன்னும் தள்ளல" என்றேன்.

"உங்க தகடு சொல்லுது. என் கட்டில்ல படுத்திருக்கது அந்தப் பொண்ணு மேடம்" என்றார். பன்னிரண்டாம் தேதி மஜ்ஜையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறாராம். மருந்துக்கு நோய் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால் பொருத்தம் பேசுவதற்கே ஒன்றும் இல்லை.

மார்ச் 9, சனி

கட்டுரை அப்படியே கிடக்கிறது. திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை. கனிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல்.

மார்ச் 10, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியது. சொதி.

மார்ச் 14, வியாழன்

எஸ்தர் தகடு தயார் செய்தாள். நீராவியில் காட்டி, ஓர் அடி உயரத்திலிருந்து சொட்டு விட்டு, ஊதி, காயவைத்து, சாயம் போட்டுக் கொண்டுவந்தாள். நீங்க எண்ணுங்க என்றாள். நீ எண்ணு என்றேன். கடைசியில் இரட்டை மைக்ராஸ்கோப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேருமே எண்ணினோம்.

முதல் செல்: நாற்பத்தாறு. எக்ஸ் ஒய்.

இரண்டு: நாற்பத்தாறு. எக்ஸ் ஒய்.

மூன்று, நான்கு, ஐந்து: அதே.

ஒன்பதாவதில் ஏழாம் எண்ணில் ஒன்றைக் காணவில்லை. எஸ்தர் லென்ஸைத் திருகித் தெளிவாக்கினாள். ஏழு தள்ளிப்போய் மூன்றாம் எண்ணுக்கு அடியில் மறைந்திருந்தது. பாவி, அரை நிமிடம் என்னைக் கொன்றுவிட்டது.

பதினைந்து. பதினாறு. பத்தொன்பது. இருபது. எல்லாம் நாற்பத்தாறு, எல்லாம் ஒய்.

மருந்து போய்க் கனியின் நோய்ச் செல்களை அழித்திருக்கிறது. காலியான இடத்தில் வேறு யாரும் வருவதற்கு முன்னால் பெருமாளின் செல்கள் பெருகி மஜ்ஜையையே நிரப்பிவிட்டன. நாங்கள் மாற்று மஜ்ஜை வைக்கத் தேதி தேடிக்கொண்டிருந்தோம், அது தானே பாதி வேலையை முடித்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் பதினோராயிரம் பேரின் குரோமோசோம்களைப் பார்த்தாயிற்று. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எஸ்தரும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயம் பட்ட கைகள்.

ஃபெலிக்ஸ் தானே மேலே வந்து மூன்று தடவை பார்த்தார். நோய்ச் செல் எங்காவது மூலையில் ஒளிந்திருக்கலாம், அதனால் மாற்று மஜ்ஜை வைத்தே தீர வேண்டும் என்றார். பிறகு, "ஆனா இப்ப எனக்குப் பயம் இல்ல மேடம்" என்றார். தேதி குறித்துவிட்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

பெருமாளிடமிருந்து எடுத்த செல்கள் ஒரு சின்னப் பையில் தொங்கின. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் முழுக்க இறங்கிவிட்டது. கனி உள்ளேயிருந்து கையை விரித்து, இவ்வளவுதானா என்று சைகை காட்டினாள். பெருமாள் என் பக்கத்தில் நின்றான், பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல். இரண்டு இட்லி வாங்கி வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். "அவ சாப்பிட்டாச்சு, கேட்டுட்டேன்" என்று நான் சொன்ன பிறகுதான் கையை வைத்தான்.

மே 4, சனி

வெள்ளையணுக்கள் ஏறுகின்றன. ஃபெலிக்ஸ் வெறும் எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பினார். நான் இவரைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்பதில்லை.

மே 21, செவ்வாய்

ஒரு மாதம் கழித்து எடுத்த மஜ்ஜை. இருபதும் எக்ஸ் ஒய். நோய் இல்லை. பெருமாளின் பங்கு நூற்றுக்கு நூறு.

எப்போதும் கொடுத்தவருடைய செல் மாற்றுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் ஒட்டியதா என்று சொல்வோம். முன் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் பூஜ்யம் இருக்கும். கனிக்கு அங்கேயும் நூறு. அறிக்கையை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று கனி வந்தாள். முகத்தில் மாஸ்க், தலையில் பூனைமுடி முளைத்திருந்தது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லி ஃபெலிக்ஸ் அனுமதி கொடுத்திருந்தார். லிஃப்ட் இருக்கிறது என்றால், வேண்டாம் என்று மூன்று மாடியும் நடந்தே ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாளாம். பின்னாலேயே வந்த பெருமாளை வாசலில் நிறுத்திவிட்டு, "எனக்கு என் ரத்தத்தப் பாக்கணும்" என்றாள்.

எஸ்தர் தகட்டை வைத்துக் கொடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"இதுல எது ஏப்ரல்ல வந்தது, எது அப்பமே வந்தது மேடம்?"

"தெரியாது. எந்தச் சோதனை வச்சும் பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே ஆளோடதுதான்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "ஊர் பூரா, நான் குடுத்த ரத்தம், நான் குடுத்த ரத்தம்னு சொல்லிக்கிட்டு அலையுதான். எப்பம் குடுத்தன்னு கேட்டா முழிக்கப் போறான்."

பிறகு தகட்டை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். நான் அவளுக்கு நகர்த்தச் சொல்லிக் கொடுக்கவில்லை, எஸ்தர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஓரம் வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"மேடம், இதுல நான் எங்க?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் தகட்டைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

"தகட்டுல நீ இல்ல கனி" என்றேன். "நீ ஸ்டூல்ல உக்காந்திருக்க."

அவள் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுவுஞ் சரிதான்" என்றாள். பசிக்கிறது என்று சொல்லி எழுந்தாள். இறங்கும்போதும் லிஃப்ட் வேண்டாம் என்று நடந்தே போனாள்.